வித்தைக்கு ஒரு வம்சாவளி

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் வித்தையின் மூலத்தை விசாரிக்கலாகாது என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. விசாரித்தே தீரவேண்டும் என்று தோன்றும்படியான ஒரு காரியம் இப்போது நம் ஊர்களில் நடந்து வருகிறது. அதைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

பெரம்பலூராகட்டும், அரியலூராகட்டும், மாலை வேளையில் வெள்ளை உடை தரித்து, இடுப்பில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகப் பட்டை கட்டிக்கொண்டு வரிசையாய் நிற்கும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். கராத்தே பயிலும் குழந்தைகள் அவர்கள். பெண் குழந்தைகள் முஷ்டியை மடக்கி நிமிர்ந்து நிற்கும் காட்சியைக் காண நமக்கு மிகுந்த மகிழ்ச்சியே. உடல் வலுவும் மனத் துணிவும் எத்தேசத்திலிருந்து வந்தாலும் அவை வரவேற்கத்தக்கவைதான். அந்தப் பயிற்சியைக் குறை கூறுவது நமது நோக்கம் அன்று.

ஆனால் அப்பயிற்சியோடு கூடவே பல இடங்களில் ஒரு சரித்திரமும் கற்பிக்கப்படுகிறது. "இது ஜப்பானியர் வித்தை அல்ல; காஞ்சியில் பிறந்த பல்லவ ராஜகுமாரர் போதி தருமர் சீனாவுக்குக் கொண்டு போன வித்தை; அவர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குக் கற்பித்தார்; அங்கிருந்து அது ஓகினாவாவுக்கும் ஜப்பானுக்கும் போயிற்று; ஆகவே கராத்தே தமிழன் சொத்து" என்பதே அந்தச் சரித்திரம். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்ற படம் இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது. இப்போது இதைச் சந்தேகிப்பவனைத் தேசத் துரோகி என்று சொல்லாவிட்டாலும், தமிழ்த் துரோகி என்றாவது சிலர் சொல்லக்கூடும். அந்தப் பட்டத்துக்குத் துணிந்தே நாம் எழுதப் புகுந்திருக்கிறோம்.

முதலில், கதையில் உண்மை எவ்வளவு உண்டோ அவ்வளவையும் தாராளமாக ஒப்புக்கொண்டு விடுவோம். போதி தருமர் என்று ஒரு துறவி ஆறாம் நூற்றாண்டுச் சீனாவில் இருந்தார். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி 547-ஆம் ஆண்டில் யாங் சுவான்ஷி என்பவர் எழுதிய நூலில் இருக்கிறது. ஆனால் அந்நூல் அவரைப் பாரசீகத்தார் என்கிறது! அவருடைய உபதேசத்துக்கு முன்னுரை எழுதிய டான்லின் என்பவரோ அவர் தென்னிந்தியர் என்றும், ஒரு பெரிய அரசரின் மூன்றாவது குமாரர் என்றும் எழுதி வைத்தார். 645-ஆம் ஆண்டை ஒட்டித் தாவோசுவான் தொகுத்த துறவிகள் வரலாறு, அவர் தென்னிந்தியப் பிராமண குலத்தவர் என்கிறது. ஆகவே, அவர் தென்னாட்டார் என்ற செய்திக்குப் பழைய ஆதாரம் உண்டு. அதை யாரும் நம்மிடமிருந்து பறித்துவிட முடியாது.

ஆனால் இக்குறிப்புகளில் காஞ்சி என்ற பெயரும் இல்லை. பல்லவர் என்ற பெயரும் இல்லை. 1004-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு சீன நூலில், அவருடைய தந்தையைக் குறிக்க "நறுமணத்தின் உச்சம்" என்று பொருள்படும் ஒரு சொல் வருகிறது. அது அரசன் பெயரா, நாட்டின் பெயரா என்பதே தெளிவில்லை. அதைக் காஞ்சி என்று படிப்பது பிற்காலத்தார் ஊகம். ஊகம் தவறாகத்தான் இருக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஊகத்தைக் கல்வெட்டாக எண்ணலாகாது என்றுதான் சொல்லுகிறோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சங்கதி இனிமேல்தான் வருகிறது. மேற்சொன்ன பழைய குறிப்புகளில் ஒன்றிலேனும் போதி தருமர் ஒருவருக்காவது ஒரு குத்தோ, ஓர் உதையோ கற்பித்ததாகச் சொல்லப்படவில்லை. அவர் சுவரை நோக்கி அமர்ந்து தியானம் செய்ததாகவே பழைய சம்பிரதாயம் கூறுகிறது. அப்படியானால், அவர் மல்வித்தை ஆசானானது எப்பொழுது?

இதற்கு விடை 1624-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அதாவது, அவர் காலத்துக்கு ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்குப் பின்பு! அவ்வாண்டில் சீனாவில் 'தசைநார் மாற்றும் சூத்திரம்' என்று ஒரு புத்தகம் தோன்றிற்று. அதைப் போதி தருமரே அருளிச் செய்ததாக அதன் முன்னுரைகள் கூறின. முன்னுரை ஒன்றை ஏழாம் நூற்றாண்டுச் சேனாபதி லீ ஜிங் எழுதியதாகவும், மற்றொன்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேனாபதி நியூ காவ் எழுதியதாகவும் போட்டிருந்தது. சீனத்துப் புலவர்கள் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறவர்கள் அல்லர். 1757 முதல் 1809 வரை வாழ்ந்த லிங் டிங்கான் என்ற அறிஞர் அந்த முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். லீ ஜிங்கின் முன்னுரையிலே, கட்டுக்கதையில் வரும் ஒரு வீரன் உண்மையான மனிதனைப் போல் நடமாடுகிறான். நம் ஊரில் ஒருவர், "இந்தச் செப்பேட்டை வந்தியத்தேவன் கையிலிருந்து நந்தினி வாங்கி எனக்குக் கொடுத்தாள்" என்று எழுதி வைத்தால் எப்படியோ, அப்படி!

மேலும், அந்தப் புத்தகம் சண்டை வித்தை பற்றியதே அன்று. மூச்சை அடக்கி, உடலைத் தேய்த்து, தசையை உரமாக்கும் தேகப்பயிற்சி பற்றியது. அதையும் ஷாவோலின் சண்டை முறையையும் முடிச்சுப் போட்டது இன்னும் பிந்திய காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு சீன நாவலும், 1915-இல் வெளியான ஒரு மல்வித்தைப் புத்தகமும் அக்கதையைப் பிரபலமாக்கின. 1930-இல் டாங் ஹாவ் என்ற சீனச் சரித்திர ஆராய்ச்சியாளர் கதையின் பொய்மையைத் தக்க ஆதாரங்களுடன் வெளிப்படுத்தினார். தம் தேசத்தின் புகழ்பெற்ற கதையையே அவர் உடைத்தார். அவரை நாம் வணங்குகிறோம்.

சரி, ஷாவோலின் மடத்தின் உண்மைச் சரித்திரம் என்ன? அதுவும் சுவையானதே. அம்மடம் 495-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் இந்தியத் துறவிக்காகவே கட்டப்பட்டது. ஆனால் அவர் போதி தருமர் அல்லர்; சீனர் பாத்வோ என்று அழைத்த மற்றொருவர். 621-ஆம் ஆண்டில் அம்மடத்துத் துறவிகள், பின்னால் டாங் வம்சச் சக்கரவர்த்தியான லீ ஷிமினுக்கு ஆதரவாகப் போரில் இறங்கினார்கள். அதற்காக அவர்கள் பெற்ற மரியாதைகள் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கின்றன. பிற்காலத்தில் அவர்களுக்குப் பெரும்புகழ் தந்த ஆயுதம் எது தெரியுமா? கம்பு! பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் ஷாவோலின் கம்பு வீச்சைப் பற்றி விரிவாக நூல் எழுதினார். அந்த வித்தைக்கு மூலகுருவாக அவர் குறிப்பிட்டதும் போதி தருமரை அன்று. அடுப்பங்கரையில் வேலை செய்த ஒரு தெய்வப் பிறவியை. அவர் பெயர் கின்னர ராஜன். நம் புராணத்துக் கின்னரர்தாம்! இந்தியாவின் செல்வாக்கு அங்கே இல்லாமலில்லை. ஆனால் நாம் தேடுகிற இடத்தில், நாம் தேடுகிற உருவத்தில் அது இல்லை.

இனி ஜப்பானுக்கு வருவோம். வித்தைக்கு வம்சாவளி எழுதிக்கொள்வதில் ஜப்பானியர் யாருக்கும் இளைத்தவர் அல்லர்.

கராத்தே ஜப்பானின் பழம்பெரும் வித்தை என்று நம்மவர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓகினாவாத் தீவின் வித்தை. அத்தீவினர் சீனாவுடன், முக்கியமாக பூஜோ துறைமுகத்துடன், நெடுங்காலம் வியாபாரம் செய்தவர்கள். ஆகவே வித்தையின் பெயரும் "சீனக் கை" என்று பொருள்படும்படியே எழுதப்பட்டு வந்தது. 1922-இல் ஃபுனாகோஷி கிச்சின் என்ற ஓகினாவாப் பள்ளி ஆசிரியர் டோக்கியோவுக்குச் சென்று அதைப் பிரபலமாக்கினார். ஆனால் அக்காலம் ஜப்பானில் தேசிய வெறி மூண்டெழுந்த காலம். சீனாவின் பெயரைத் தாங்கிய வித்தையை ஜப்பானியப் பிள்ளைகள் கற்பதாவது? எனவே எழுத்து மாற்றப்பட்டது. உச்சரிப்பு அதேதான், பொருள் மட்டும் "வெறுங் கை" என்று ஆயிற்று. 1905-லேயே ஓர் ஆசிரியர் அவ்வாறு எழுதியதுண்டு. எனினும் 1936 அக்டோபரில் ஓகினாவாவின் தலைநகரமான நாஹாவில் பெரிய ஆசான்கள் கூடிப் பேசி அதை உறுதி செய்தார்கள். மறு ஆண்டில் ஜப்பான் சீனாவின் மீது முழுப் படையெடுப்புத் தொடங்கியது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

தேசாபிமானத்தின் பெயரால் ஜப்பானியர் அன்று ஒரு வித்தையின் பெயரிலிருந்து சீனாவை அழித்தார்கள். தேசாபிமானத்தின் பெயரால் நாம் இன்று அதே வித்தையின் சரித்திரத்தில் காஞ்சியை எழுதுகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? அவர்கள் அழித்தார்கள், நாம் எழுதுகிறோம் என்பதுதான். இரண்டிலும் தலை குனிவது உண்மையே.

ஐகிடோ என்னும் வித்தையின் கதையைப் பாருங்கள். அதை நிறுவிய உயெஷிபா மோரிஹெய், 1915-இல் ஹொக்கைடோ தீவில் தகேதா சோகாகு என்பவரைச் சந்தித்து அவரிடம் பயின்றவர். அந்தத் தகேதா, தம் தாய்தோ மரபு பதினொன்றாம் நூற்றாண்டின் மினமோதோ யோஷிமித்ஸு என்ற வீரனிடமிருந்து வழிவழியாய் வந்தது என்றார். அவருக்கு முந்திய அத்தனை நூற்றாண்டுகளுக்கும் அவர் வாக்கைத் தவிர உறுதியான பத்திரம் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தம்மிடம் பயின்றவர்களின் பெயரையும் ஊரையும் கட்டணத்தையும் பேரேட்டில் பதிந்து முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்வார். ஆகவே அவருக்குப் பிற்பட்ட பரம்பரை வெயில் போல் தெளிவு; முற்பட்டது முழுதும் மூடுபனி. எந்த மரபைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆயிரம் ஆண்டுக்கு அப்பால் ஒரு மகா வீரர். அண்மையில் ஓர் உண்மையான குரு. நடுவே ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட தேசத்தில் ஒருவர் வேறு விதமாக நடந்துகொண்டார். அவர் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ. 1882-இல் எய்ஷோஜி என்ற கோயிலில் 12 பாய் விரித்த சிறு இடத்தில், விரல் விட்டு எண்ணத்தக்க மாணாக்கர்களுடன் அவர் தம் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22 கூட நிறையவில்லை. தம் வித்தை தேவலோகத்திலிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஜுஜுத்ஸுவின் இரண்டு மரபுகளைத் தாம் கற்றதாகவும், இன்னின்னார் தமக்கு ஆசான்கள் என்றும், மாற்றியமைத்தது தாம் என்றும் சொன்னார். ஜுஜுத்ஸு முழுவதும் பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் குடியேறிய சென் யுவான்யுன் என்ற சீனர் கொண்டு வந்தது என்று அக்காலத்தில் ஒரு கதை உலவிற்று. 1888-இல் கானோவும் லிண்ட்ஸே என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார்கள். அந்தச் சீனர் வருவதற்கு முன்பே, 1532-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் தகேனோஉச்சி மரபு ஜப்பானில் இருந்ததை எடுத்துக் காட்டினார்கள். மறுக்கும்போது அவர்கள் காட்டியது ஆண்டுக் கணக்கை, ஆத்திரத்தை அல்ல. அந்த ஜூடோவைத்தான் ரவீந்திரநாத் தாகூர் 1929-இல் தகாகாகி ஷின்ஸோ என்ற ஜப்பானிய ஆசிரியரை வரவழைத்துச் சாந்திநிகேதனத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அது பாரதத்திலிருந்து போன வித்தை என்று நிரூபித்த பிறகுதான் கற்பிப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

"கதை பொய்யாகவே இருந்தாலும் என்ன கெட்டுப் போயிற்று? பிள்ளைகளுக்கு உற்சாகம் உண்டாகிறதே!" என்று சிலர் கேட்கலாம். கெட்டுப் போவது நிறைய உண்டு.

முதலாவது, பொய் விழும்போது மெய்யையும் இழுத்துக்கொண்டு விழும். தமிழ்நாட்டுக்கும் சீனாவுக்கும் நெருங்கிய உறவு இருந்தது என்பதற்கு எவ்வளவோ திடமான ஆதாரங்கள் இருக்கின்றன. அரியலூர்ப் பகுதியிலேயே இருக்கிறதே கங்கைகொண்ட சோழபுரம்! அந்த நகரத்தை அமைத்த ராஜேந்திர சோழன் 1033-இல் சீனச் சக்கரவர்த்தியின் சபைக்குத் தூது அனுப்பினான். அதற்கு முன் 1015-லும், பின்பு 1077-லும் சோழநாட்டுத் தூதர் அங்கே போய்ச் சேர்ந்தனர். இவையெல்லாம் சீன அரசாங்கத்தின் குறிப்புகளிலேயே பதிவானவை. சீனத்துக் குவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலே சோழர் காலத்துப் புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. இத்தனை உண்மைச் செல்வத்தையும் விட்டுவிட்டு, 1624-ஆம் ஆண்டுப் போலி முன்னுரையைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்? அது போலி என்று அறிந்த அந்நியன், நாளை குவான்ஜோக் கல்வெட்டையும் சந்தேகக் கண்ணோடு அல்லவா பார்ப்பான்?

அந்த ராஜேந்திரனே நமக்கு இன்னொரு பாடமும் வைத்துப் போயிருக்கிறான். அவனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடு சோழ வம்சத்தைச் சூரியனிடமிருந்து தொடங்கி, மனு, இக்ஷ்வாகு என்று இறக்கிக்கொண்டு வருகிறது. மன்னர் புகழ் பாடும் கவிக்கு அது அழகு. ஆனால் சரித்திர ஆசிரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்த விஜயாலயனிடமிருந்தே தொடர்ச்சியான கணக்கை ஆரம்பிக்கிறார்கள். சூரியனைக் கழித்துவிட்டதால் சோழர் பெருமை அணுவளவும் குறைந்து போகவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் வானளாவ நிற்கத்தான் நிற்கிறது!

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. அது நம் சிலம்ப வாத்தியாருக்கு உண்டாகும் நஷ்டம். காஞ்சி, சீனா, ஓகினாவா என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பயணம் போய் வரும் நமது கற்பனை, அடுத்த தெருவில் கம்பு பிடித்து நிற்கும் மனிதரைப் பார்ப்பதில்லை. கோயில் திருவிழா வந்தால் அவரைக் கூப்பிடுகிறோம். ஊர்வலத்தின் முன்னால் கம்பு சுழற்றச் சொல்லுகிறோம். வேஷ்டி துண்டு போர்த்தி அனுப்பி விடுகிறோம். அவர் யாரிடம் கற்றார், அவருடைய ஆசான் யாரிடம் கற்றார், எந்த அடியை எந்த ஊரார் எப்படி வைத்தார்கள் என்று யாரேனும் கேட்டு எழுதி வைத்ததுண்டா? 2021-இல் தமிழக அரசு, உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் அதனாலேயே ஓர் அபாயமும் உண்டு. சான்றிதழுக்கு விலை ஏற ஏற, வம்சாவளிக்கும் விலை ஏறும். கராத்தேக்குப் போதி தருமர் போல், ஒவ்வொரு சிலம்பக் கூடத்துக்கும் ஒரு அகத்தியரோ ஒரு சோழச் சேனாபதியோ முளைத்து விடுவார்கள். நடுவில் இருந்த உண்மையான ஆசான்கள், பெயரற்ற கிராமத்து மனிதர்கள், மறைந்தே போவார்கள்.

யோக்கியமான வம்சாவளி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் ஜப்பான் வரையில் போக வேண்டியதில்லை. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் இளமைக் காலத்தில் ஒரு பகுதி பெரம்பலூர், அரியலூர்ச் சீமையிலேயே கழிந்தது. பின்னால் அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரானார். "நான் மகாவித்துவானின் சிஷ்யன்" என்று ஒரு வரியோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். கேட்பவர் எவரும் குறை சொல்லியிரார். ஆனால் 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த தம் சரித்திரத்தில் அவர் என்ன செய்தார்? அரியலூரில் தமிழ் கற்பித்த சடகோபையங்கார், குன்னத்தில் பாடம் சொன்ன சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் காரிகை சொல்லிக் கொடுத்த விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நன்றியோடு நினைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்தக் கிராமத்து ஆசிரியர்களின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அகத்தியர் வரையில் ஏறிப்போகாமல், தமக்கு அரிச்சுவடி தொட்டுச் சொல்லிக் கொடுத்தவர்களின் வாசலிலே அவர் நின்றார். அதனால் அவருடைய பெருமை குறைந்ததா? அவர்களுடைய பெருமையும் அல்லவா நிலைத்தது!

ஆகவே, பிள்ளைகளைச் சண்டை வித்தை கற்க அனுப்பும் பெற்றோருக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். கராத்தேயாகட்டும், ஜூடோவாகட்டும், சிலம்பமாகட்டும், ஆசிரியரிடம் போய், "இந்த வித்தை எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமையானது?" என்று கேட்க வேண்டாம். "ஐயா, தாங்கள் யாரிடம் கற்றீர்கள்? எந்த ஊரில்? எத்தனை வருஷம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான ஆசிரியருக்கு இந்தக் கேள்வி மகிழ்ச்சி தரும். தம் குருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் லேசில் நிறுத்தமாட்டார். மாறாக, குருவின் பெயரைச் சொல்லாமல் நேரே காஞ்சீபுரத்துக்கோ, ஷாவோலின் மடத்துக்கோ தாவுகிறவரிடம் மட்டும் சற்று ஜாக்கிரதையாக இருங்கள்.

வாத்தியார் தம் ஆசான் பெயரைச் சொன்னதும், பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆசானின் ஆசான் பெயர் தெரிந்தால் அதையும் எழுதட்டும். தெரியாத இடத்தில் கோடு போட்டு நிறுத்தட்டும். நமது ஜில்லாவின் ஒவ்வொரு சிலம்பக் கூடத்திலும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்குமானால், நூறு ஆண்டுக்குப் பின் வருகிறவர்களுக்கு அதைவிட மேலான செப்பேடு வேண்டியதில்லை.